வைரம் பாயும் இடம்

கித்துள் மரத்தின் அடித்தண்டைக் குறுக்கே அறுத்தால் வெளிவட்டம் கன்னங்கரேலென்று தெரியும். கோடரியின் வாயே மழுங்கும் அளவுக்குக் கடினம். மையத்தை நோக்கிப் போகப் போகக் கருமை நீங்கி, கடைசியில் விரல் பட்டாலே குழியும் வெளிறிய சோறு. கண்டி நாட்டார் அந்த வெளிவட்டத்தில் நெல் குற்றும் உலக்கை செய்தார்கள். உள்ளே இருந்த சோற்றை இடித்து, நீரில் அலசி, மாவெடுத்துக் கஞ்சி காய்ச்சினார்கள். இந்த மரம் தன் பலத்தையெல்லாம் ஓரத்தில் வைத்துக்கொண்டு நடுவில் சோற்றை வைத்தது ஏன்? தாவரங்கள் எப்படி நிற்கின்றன என்பதில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும்.

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்து குருநாகலுக்குப் போகும் வீதியில், மலைநாடு முடிந்து தாழ்நிலத்துக்கு இறங்கும் விளிம்பில் இருக்கிறது கலகெதர. 1803இல் கொழும்பிலிருந்து கண்டியைப் பிடிக்க ஏறிவந்த ஆங்கிலப் படையை எதிர்நோக்கியிருந்த காவல் அரண்களில் ஒன்று இந்தக் கணவாயில்தான் இருந்தது. இன்று இந்தச் சரிவுகளில் இருப்பவை வீட்டுத்தோட்டங்கள். உச்சியில் தென்னையும் கித்துளும் பலாவும், அதற்குக் கீழே கமுகும் கராம்பும் சாதிக்காயும், இன்னும் கீழே கோப்பியும் வாழையும் பப்பாசியும், மரங்களைப் பற்றி ஏறும் மிளகும், தரையில் வல்லாரையும். ஒரே தோட்டத்தில், ஒரே மண்ணில், ஒரே காற்றை எதிர்த்து நிற்கும் இவற்றில் எதற்கும் எலும்பு இல்லை. ஒவ்வொன்றும் நிற்கும் விதமோ வேறு வேறு.

உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் பிள்ளை இதற்கு ஒரே மூச்சில் விடை சொல்லும்: புடைக்கலவிழையம், ஒட்டுக்கலவிழையம், வல்லுருக்கலவிழையம். முதல் இரண்டும் உயிருள்ளவை, மூன்றாவது முதிர்ந்ததும் உயிரற்றது. ஒன்றின் சுவர் மெல்லியது, மற்றதன் சுவர் மூலைகளில் தடித்தது, இன்னொன்றின் சுவரில் இலிக்னின் படிந்தது. அட்டவணை சரியானதுதான். பரீட்சைக்கும் போதும். ஆனால் இந்த இழையங்கள் தண்டின் எந்த இடத்தில் இருக்கின்றன, ஏன் அந்த இடத்தில் இருக்கின்றன என்பது அட்டவணைக்குள் வருவதில்லை. வகுப்பில் நான் முதலில் கேட்பது அதைத்தான். பெயரை மறந்தாலும் இடத்தைச் சரியாகச் சொல்லும் பிள்ளைக்குத் தாவரம் புரிந்துவிட்டது என்பது என் முடிவு.

நீரிலிருந்து தொடங்கலாம். சந்தியில் காலையில் கட்டி வைத்த வல்லாரைப் பிடியும் கங்குன் பிடியும் வெயில் ஏறும்போது துவண்டு கிடக்கும். கடைக்காரர் நீர் தெளித்து வைத்தால் சற்று நேரத்தில் மறுபடி நிமிரும். புதிதாக எந்த இழையமும் அங்கே உண்டாகவில்லை. கலங்களுக்குள் நீர் போயிற்று, அவ்வளவுதான். கலத்தினுள் இருக்கும் சாறு நீரை இழுத்து வீங்கப் பார்க்கிறது. செலுலோசுச் சுவர் விட்டுக்கொடுக்காமல் இறுக்கிப் பிடிக்கிறது. இந்த இழுபறியில் பிறக்கும் வீக்க அமுக்கம் சாதாரணமாக 3 முதல் 10 வளிமண்டலம் வரை இருக்கும். கார் டயருக்குள் நாம் அடைக்கும் காற்று 2 வளிமண்டலத்தைச் சற்றே தாண்டும். இரண்டு விரலால் நசுக்கிவிடக்கூடிய வல்லாரைத் தண்டு அதைவிடக் கூடிய அமுக்கத்தைத் தன் மெல்லிய சுவர்களுக்குள் வைத்திருக்கிறது.

நீரை மட்டும் நம்பி நிற்பதற்கு எல்லை உண்டு. வெயில் கடுமையானால் செடி சாயும். உயரம் கூடினால் அமுக்கம் போதாது. இளந்தண்டுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அது தன்னைத் தாங்கவும் வேண்டும், அதே வேளையில் நீளவும் வேண்டும். இறுகிய சுவரைக் கட்டிவிட்டால் அந்த இடத்தில் வளர்ச்சி முடிந்துபோகும். இந்த இக்கட்டுக்கு விடைதான் ஒட்டுக்கலவிழையம். அதன் கலங்கள் உயிரோடிருப்பவை. சுவரின் மூலைகளில் செலுலோசும் பெக்டினும் தடித்துப் படிந்திருக்கும். இலிக்னின் இல்லாததால் வளர்ச்சியோடு சேர்ந்து நீளும். அது இருக்கும் இடத்தைப் பாருங்கள்: துளசியின் சதுரத் தண்டில் நான்கு விளிம்புகள், பூசணிக் கொடியில் மேடாக எழும் வரிகள், செலரித் தண்டில் பல்லிடுக்கில் மாட்டும் அந்த நார்கள். பெரும்பாலும் தோலுக்கு அடுத்த கீழ்ப்படை. நடுவில் ஒருபோதும் இல்லை.

எவ்வளவு கட்டுவது என்பதைக் காற்றும் தீர்மானிக்கிறது. ஊமத்தைச் செடிகளைத் திரும்பத் திரும்ப ஆட்டி வளர்த்து, ஆட்டாமல் வளர்த்தவற்றோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 1960இல் வெளிவந்தது. ஆட்டம் கண்ட செடிகளில் ஒட்டுக்கலத்தின் சுவர்கள் கூடுதலாகத் தடித்திருந்தன. 1973இல் மார்க் ஜாஃபி என்பவர், தண்டை நாள்தோறும் விரலால் தடவினாலே பல செடிகள் உயரம் குறைந்து பருமனாவதைக் காட்டினார். 1990இல் ஜேனட் பிராமும் ரொனால்ட் டேவிஸும் சிறு கடுகினச் செடி ஒன்றில் இன்னும் ஆழமாகப் போனார்கள். மழைத்துளி விழுந்தாலும், காற்றடித்தாலும், கை பட்டாலும் 10 முதல் 30 நிமிடத்துக்குள் குறிப்பிட்ட சில மரபணுக்கள் விழித்துவிடுவதைக் கண்டார்கள். ஆக, தோட்டத்தில் நட்ட கன்றை அசையவே விடாமல் கம்போடு இறுக்கிக் கட்டுவது அதற்குச் செய்யும் உதவி ஆகாது. காற்று வரும் செய்தி அந்தத் தண்டுக்குப் போய்ச் சேரவே இல்லை. கட்டை அவிழ்த்த அன்று அது வளைந்துவிடுவதில் வியப்பில்லை. தளர்வாகக் கட்டி ஆட விடுவதே அன்பு.

இப்போது கித்துளின் கேள்விக்கு வருவோம். 1874இல் சைமன் ஷ்வெண்டனர் என்ற சுவிஸ் தாவரவியலாளர் ஒருவித்திலைத் தாவரங்களின் உள்ளமைப்பைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஐரோப்பா முழுவதும் இரும்புப் பாலங்கள் எழுந்துகொண்டிருந்த காலம் அது. பாலம் கட்டுவோர் உத்தரங்களுக்குப் போடும் கணக்கை அவர் புல்லின் தண்டுக்கும் பனைகளின் தண்டுக்கும் போட்டுப் பார்த்தார். தண்டு வளையும்போது ஒரு பக்கம் இழுபடும், எதிர்ப்பக்கம் நசுங்கும். நடுவில் இருப்பது பெரும்பாலும் சும்மா இருக்கும். அப்படியானால் நடுவில் வைத்த வலிய பொருள் வீண். அதே அளவு பொருளை ஓரத்துக்குத் தள்ளினால் பலன் பல மடங்கு. கணக்கு எளிதுதான்: ஒரு திண்மக் கம்பியிலுள்ள பொருளையே எடுத்து, சுவரின் தடிப்பு விட்டத்தில் பத்தில் ஒரு பங்காக இருக்கும் குழாய் செய்தால், அது வளைவை நாலரை மடங்கு கூடுதலாக எதிர்க்கும். ஷ்வெண்டனர் நார்களைத் தனியே எடுத்து எடை கட்டித் தொங்கவிட்டும் சோதித்தார். சதுர மில்லிமீற்றருக்கு 15 முதல் 20 கிலோகிராம் வரை தாங்கிப் பழைய நீளத்துக்கே திரும்பின. அன்றைய இரும்போடு வைத்துப் பேசக்கூடிய எண் அது.

அவர் காட்டியவற்றில் எனக்கு மிகப் பிடித்தது வேரைப் பற்றியது. காற்றில் மரம் ஆடும்போது வேர் வளைவதைவிட இழுபடுவதே அதிகம். இழுவிசைக்கு ஓரமும் நடுவும் ஒன்றே. எல்லாப் பொருளையும் ஒரே இடத்தில் சேர்த்துவைத்தால் வேர் மண்ணுக்குள் நெளிந்து போகவும் வசதி. ஆகவே வேரில் வலிய இழையம் மையத்தில் ஒரு கயிறாகத் திரண்டிருக்கிறது. தண்டில் ஓரம், வேரில் நடு. ஒரே செடி, ஒரே கலங்கள், ஒரே இலிக்னின். மண்மட்டத்தைத் தாண்டியதும் விசை மாறுகிறது. விசை மாறியதும் பலத்தின் இடமும் மாறுகிறது.

பேராதனைத் தாவரவியற் பூங்காவில், மகாவலி கங்கையின் கரையில் நிற்கும் இராட்சத மூங்கிற் புதர்களை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். 1821இல் தொடங்கிய அந்தப் பூங்காவில் உலகத்து மரங்கள் ஏராளம். ஆனால் தாங்குமிழையம் பற்றிய பாடத்துக்கு இந்த மூங்கிலைவிட நல்ல ஆசான் எனக்குத் தெரியாது. மழைக்குப் பின் எழும் முளை நாளொன்றுக்கு ஓரடிக்குக் கிட்ட வளரக்கூடியது. அந்த நிலையில் அது சமைத்துத் தின்னும் பதத்தில் இருக்கும். ஒரே பருவத்தில் முழு உயரத்தையும் தொட்டுவிடும். அதன் பிறகு உயர்வதும் இல்லை, பருப்பதும் இல்லை; மூன்று நான்கு ஆண்டு காலம் சுவரை இறுக்குவது மட்டுமே வேலை. அதனால்தான் மூன்று ஆண்டு முதிராத மூங்கிலை விஷயம் தெரிந்தவர்கள் வேலைக்கு வெட்டுவதில்லை. அந்தச் சுவருக்குள்ளும் ஒரு கணக்கு இருக்கிறது. வெளித்தோலை ஒட்டிய பகுதியில் பாதிக்கு மேல் நார். உட்புறம் வர வர நார் குறைந்து, புடைக்கலம் கூடுகிறது. குழாயாக இருந்தது போதாதென்று, குழாயின் சுவரிலும் வெளி ஓரத்துக்கே முதலிடம். வளையும்போது குழாய் சப்பையாகிவிடாமல் கணுக்கள் குறுக்கே நின்று காக்கின்றன.

தென்னைக்கும் கித்துளுக்கும் கமுகுக்கும் இன்னொரு கஷ்டம். பலாவைப் போல ஆண்டுக்கு ஆண்டு புதிய மரவளையம் சேர்க்கும் மாறிழையம் அவற்றுக்கு இல்லை. இளமையில் அமைந்த பருமனோடுதான் ஆயுள் முழுவதும் நிற்க வேண்டும். உயரமோ கூடிக்கொண்டே போகிறது. என்ன செய்வது? அடித்தண்டின் நார்க்கலங்கள் சீக்கிரத்தில் சாவதில்லை. ஆண்டுக்கணக்காக உயிரோடிருந்து, தம் சுவரை உள்நோக்கித் தடிப்பாக்கிக்கொண்டே போகின்றன. வெளியே இருந்து பார்த்தால் மரம் மாறாதது போலத் தோன்றும். உள்ளே ஒவ்வொரு கலமும் தன் அறையைத் தானே அடைத்துக்கொண்டிருக்கும். முதிர்ந்த தென்னையின் ஓரப் பகுதி கன மீற்றருக்கு 600 கிலோகிராமையும் தாண்டும். நடுப்பகுதி 400க்கும் குறைவு. தென்னம்பலகை விற்பவர்கள் ஓரத்தையும் நடுவையும் வெவ்வேறு மரங்களாகவே எண்ணி விலை சொல்வதற்குக் காரணம் இதுதான்.

தொல்காப்பிய மரபியல் தாவரங்களைப் பிரித்த விதத்தை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. காழ், அதாவது வைரம், புறத்தே இருப்பவற்றைப் புல் என்றும், அகத்தே இருப்பவற்றை மரம் என்றும் அது வகுத்தது. ஓலை, மடல், பாளை, ஈர்க்கு ஆகிய உறுப்புகளைப் புல்லின் பக்கம் வைத்தது. ஆகவே தெங்கும் கமுகும் பனையும், இருபது மீற்றர் உயர்ந்தாலும், அதன் கணக்கில் புற்கள். ஆங்கிலத் தாவரவியலாளர் ஜான் ரே 1682இல் வித்திலையின் எண்ணிக்கையைக் கொண்டு தாவரங்களைப் பிரித்தார்; அந்த வழியில் வந்த இன்றைய பகுப்பிலும் புல்லும் பனையும் ஒரே கூட்டம். ரே விதையைத் திறந்து பார்த்தார். நம் பழைய இலக்கணக்காரர் வெட்டுத்தண்டைப் பார்த்தார். பூவையோ காயையோ பயனையோ அடிப்படையாகக் கொள்ளாமல், பலம் இருக்கும் இடத்தைக் கொண்டு ஒரு தாவர உலகையே பகுக்கலாம் என்று எண்ணிய அந்த மனம் எனக்கு மிக நெருக்கமானது. பள்ளிக்கூடத்தில் இந்தப் பகுப்பைத் தமிழ்ப் பாடத்தில் மனனம் செய்துவிட்டு, அடுத்த பாடவேளையில் ஒருவித்திலைத் தண்டின் குறுக்குவெட்டைப் படமாக வரைகிறோம். இரண்டு கொப்பிகளும் ஒரே புத்தகப்பைக்குள்தான் இருக்கின்றன, சந்திப்பதே இல்லை.

அகக்காழுக்குக் கலகெதரப் பக்கத்தில் பலாவைவிடச் சிறந்த சான்று கிடையாது. அறுத்த பலாவில் வெளியே வெளிறிய படை, உள்ளே மஞ்சள் வைரம். வெளிப்படையில் உயிருள்ள கலங்கள் இருக்கும், மாப்பொருள் இருக்கும். வண்டு அதைத் தேடி வரும். உள்ளே உயிர் முற்றாக நீங்கியிருக்கும். நீங்குமுன் அந்தக் கலங்கள் நிறப்பொருள்களையும் கசப்பானவற்றையும் சுவர்களில் நிரப்பிவிட்டுப் போயிருக்கும். வைரத்தின் பெருமை அது உளுத்துப்போகாமல் இருப்பதில்தான். மரம் நிற்பதற்கு அதுவே ஆதாரம் என்று எண்ணிவிடக் கூடாது. நடுவெல்லாம் பொந்தாகிப் போன புளியும் ஆலும் பல்லாண்டு காய்த்து நிற்பதைப் பார்க்கிறோமே! வளைவை எதிர்ப்பதில் அங்கேயும் ஓரத்துக்கே முதலிடம். பலாவும் ஒவ்வோராண்டும் புதிய படையை வெளியில்தான் சேர்க்கிறது. நாம் போற்றும் வைரம் முன்னொரு காலத்தில் ஓரமாக இருந்ததுதான்.

மரவேலை செய்யும் ஓர் ஓடாவியிடம், “நானா, கொப்புப் பலகை மலிவாகக் கிடைக்கிறதே, அதை ஏன் எடுக்கிறீர்கள் இல்லை?” என்று கேட்டேன். “கொப்பு மரம் சரிவராது தம்பி. அறுக்கும்போதே நெளியும். மேல்பக்கம் சீவுளிக்குப் பஞ்சு பஞ்சாகக் கிளம்பும்” என்றார். தாவரவியல் சொல்வதும் இதையே. கிடையாக நீளும் கொப்பைப் பூமி கீழே இழுக்கிறது. பலா போன்ற மரங்கள் கொப்பின் மேற்பக்கத்தில் தனி வகை நார்களைக் கட்டுகின்றன. அவற்றில் இலிக்னின் மிகக் குறைவு, செலுலோசு மிகுதி. உருவானதும் அவை சுருங்கி, கொப்பை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கின்றன. வாள் பட்டதும் அந்த இழுவிசை அவிழ்கிறது, பலகை நெளிகிறது. ஊசியிலை மரங்கள் இதை மறுபக்கத்திலிருந்து செய்கின்றன: கீழ்ப்பக்கத்தில் மரத்தை அடர்த்தியாக்கி மேல்நோக்கித் தள்ளும். பேராதனையில் சாய்ந்தும் நெளிந்தும் நிற்கும் குக் பைன் என்னும் ஊசியிலை மரங்களைப் பார்ப்பவர்கள் வேடிக்கையாகப் படமெடுத்துச் செல்கிறார்கள். ஐந்து கண்டங்களில் 256 குக் பைன்களை அளந்து 2017இல் வெளியான ஆய்வொன்று, அவை பூமத்திய ரேகையை நோக்கிச் சராசரியாக எட்டரைப் பாகை சாய்வதாகவும், ரேகைக்கு அருகில் சாய்வு குறைவதாகவும் கண்டது. நிமிர வேண்டிய மரம் ஏன் சாய்வைத் திருத்திக்கொள்வதில்லை என்பது இன்னும் திறந்திருக்கும் கேள்வி.

கண்டிக்கும் தாவரக் கலத்துக்கும் இடையில் வரலாறு போட்ட ஒரு முடிச்சு இருக்கிறது. 1660இல் மூதூர்ப் பக்கம் பிடிபட்டு, 1679இல் அரிப்புக்குத் தப்பிச் செல்லும்வரை கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ், ஊர் திரும்பி 1681இல் இலங்கையைப் பற்றிய தன் நூலை வெளியிட்டார். தாளிப்பனையின் ஓர் ஓலை பதினைந்து இருபது பேரை மழையிலிருந்து மறைக்கும் என்று எழுதியவர் அவர். கித்துளைப் பற்றி அவர் எழுதியிருப்பதைத் தாவரவியல் மாணவர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்பேன். மரத்தின் கெட்டியான பகுதி மூன்று அங்குலத்துக்கு மேல் தடிப்பில்லை என்கிறார். குறுக்கே வெட்டுவது கடினம், நெடுக்கே எளிதில் பிளக்கும் என்கிறார். அதில் நெல் குற்றும் உலக்கை செய்வதைச் சொல்கிறார். பல துண்டுகளைச் சேர்த்து ஒட்டியது போல் தோன்றுகிறது என்கிறார். மட்டையின் அடித்தோலில் கம்பி போல் உறுதியான இழைகள் நிறைந்திருப்பதையும், அவற்றில் கயிறு திரிப்பதையும் குறிக்கிறார். பல துண்டுகளை ஒட்டியது போல் என்ற அந்த ஒரு கவனிப்பு, தண்டெங்கும் சிதறிக் கிடக்கும் கலன்கட்டுகளையும் அவற்றைப் போர்த்திய நார்களையும் வெறுங்கண்ணால் கண்டதன்றி வேறென்ன?

அந்த நூலுக்கு முன்னுரை எழுதியவர் ரொபர்ட் ஹூக். 1665இல் தக்கைச் சீவலை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்து, அதிலிருந்த சிற்றறைகளுக்குக் கலம் என்று பெயரிட்ட அதே ஹூக். அவர் கண்ட அறைகள் வெறுமையானவை. குடியிருந்த உயிர் போய், சுவர் மட்டும் மிஞ்சியிருந்தது. உயிரின் அலகு என்று நாம் இன்று கற்பிக்கும் ஒன்று முதன்முதலில் மனிதக் கண்ணுக்குத் தெரிந்தது, இறந்த கலத்தின் சுவராகத்தான். நொக்ஸும் ஹூக்கும் நண்பர்கள். ஒருவர் கண்டி மலையிலிருந்து உலக்கையும் கயிறுமாகக் கண்டதையும், மற்றவர் லண்டனில் வில்லைக்குக் கீழே கண்டதையும் சேர்த்துப் பார்க்கும் அறிவியல் உருவாக இன்னும் இருநூறு ஆண்டு ஆயிற்று. ஆனால் அந்தப் புத்தகத்தின் முதற் பக்கங்களில் அந்த இரண்டு பெயர்களும் அருகருகே நிற்கின்றன.

வல்லுருக்கலத்தின் கதை அந்த வெறுமையில்தான் இருக்கிறது. நார்க்கலம் பிறந்து, நீண்டு, தன் சுவருக்குள்ளே இன்னொரு சுவரைக் கட்டி, அதில் இலிக்னினை ஊற்றி, கடைசியில் தான் இருக்கவே இடமில்லாமல் போகும்போது சாகிறது. அதன் உழைப்பின் பயன் அதன் சாவுக்குப் பின்தான் தொடங்குகிறது. நீர் கடத்தும் காழ்க்கலன்களும் அப்படியே. உயரே இலைகள் உறிஞ்சும் இழுப்பில் குழாய் உட்புறமாக நொறுங்கிவிடாமல் இலிக்னின்தான் பிடித்து வைத்திருக்கிறது.

இந்த நார்களைத் தனியே பிரித்துக் கண்முன் வைப்பவர்கள் கண்டிக்குக் கிழக்கே, குண்டசாலைப் பக்கத்தில் ஹேனாவல கிராமத்தில் இருக்கிறார்கள். தும்பறைப் பாய் நெய்யும் கின்னர சமூகத்தினர். சாதி ஒதுக்கலுக்கு ஆளான அந்த மக்களின் கைவண்ணம் அரச மாளிகை வரை போயிருக்கிறது. 2021இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. முன்பு நியந்த என்று சிங்களத்தில் வழங்கும் மருளின் நாரில் நெய்தார்கள். அது அரிதாகிப் போகவே, இன்று பெரும்பாலும் ஹண என்னும் ஆனைக்கற்றாழை வகையின் நார். இலையைக் கட்டைமேல் வைத்து, மழுங்கிய அலகால் அழுத்திச் சுரண்டுவார்கள். பச்சைச் சதை வழிந்து போகும்; வெள்ளை இழைகள் கையில் மிஞ்சும். வழிந்து போனது உயிரோடிருந்த புடைக்கலம், கையில் மிஞ்சியது எப்போதோ இறந்த வல்லுருக்கலம். ஒரு முழத்துக்கு மேல் நீளும் அந்த இழை ஒரு கலமும் அல்ல. இரண்டு மூன்று மில்லிமீற்றர் நீளக் கலங்கள் ஆயிரக்கணக்கில், கூரிய முனைகள் ஒன்றையொன்று தாண்டிப் படியுமாறு ஒட்டிக் கிடக்கின்றன. நீர் நிறைந்த கனத்த இலையைத் தரையில் விழாமல் நீட்டிப் பிடிக்கவே அந்தச் செடி இதைச் செய்தது. அதன் வலிய நார்கள் இலையின் மேற்பரப்புகளை அடுத்தே ஓடுகின்றன, மறுபடியும் ஓரம்.

இந்தக் கைத்தொழில்களையெல்லாம் முதலில் முறையாக எழுதிவைத்த ஆனந்த குமாரசுவாமி, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவிச்சரிதவியலையும் தாவரவியலையும் கற்றவர். இலங்கையின் கனிப்பொருள் அளவைக்காக மலைநாட்டுக் கிராமங்களில் நடந்தவர், அங்கே கண்ட கைவினைஞர்களால் திசை திரும்பி, 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். நெசவையும் பாய் முடைதலையும் அதில் விரித்து எழுதினார். கல்லையும் செடியையும் படித்த கண்தான் கைவினையில் மூலப்பொருளுக்கு அத்தனை மதிப்புக் கொடுத்தது என்று நான் நம்புகிறேன்.

பாய் நெய்பவர்களின் கை நாரை நாடிப் போகும் கை என்றால், நாரை விலக்கிப் போகும் கை இன்னொன்று உண்டு. ஹந்தானையிலும் அதற்கப்பால் மலையெங்கும் கொழுந்து பறிக்கும் எங்கள் பெண்களின் கை. இரண்டு இலையும் மொட்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தத் தண்டு எந்த இடத்தில் ‘டக்’கென்று முறியும், எந்த இடத்தில் நாராக இழுபடும் என்பதை விரல்தான் அறியும். முறியும் இடம்வரை இலிக்னின் இன்னும் இறங்கவில்லை. இழுபடும் இடத்தில் இறங்கிவிட்டது. ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தண்டுகளில் அந்த எல்லையைப் பார்க்காமலேயே கண்டுபிடிக்கிறார்கள். தப்பி வந்த முத்தல் தண்டு தொழிற்சாலையில் செந்நிற நாராக நொறுங்கித் தூளோடு கலக்கும்; அதைப் பிரிக்க மின்னேற்றம் பெற்ற உருளைகளை ஓடவிட வேண்டியிருக்கிறது. பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் சாயமூட்டிக் காணும் எல்லையை விரல் நுனியில் வைத்திருப்பவரைத் தேர்ச்சியற்ற தொழிலாளி என்று வகைப்படுத்தும் வழக்கம் என்னைக் கோபப்படுத்துகிறது. அந்தச் சொல் பொய்.

மிளகு, நார் கட்டும் செலவிலிருந்து ஒதுங்கிய கொடி. கலகெதரத் தோட்டங்களில் கிளிரிசிடியாக் கம்பையோ பலாவையோ பற்றிக்கொண்டு ஏறுகிறது. தாங்குவதற்கு வேறொன்று இருப்பதால் தண்டில் வலிமைக்குச் செலவிடுவது சொற்பம். மிஞ்சியது இலைக்கும் காய்க்கும் போகிறது. பிடிகொம்பு விழுந்தால் அதுவும் விழும்.

கடைசியாகப் பப்பாசி. வாழை மரமல்ல என்று எல்லோருக்கும் தெரியும். இலைமடல்கள் ஒன்றையொன்று சுற்றி எழுந்த போலித்தண்டு அது. பப்பாசியை மட்டும் மரம் என்றே சொல்கிறோம். பத்து மீற்றர் வரைகூட உயரும், தலைநிறையக் காய் தாங்கும். ஆனால் கத்தியால் ஒரே வெட்டில் சாயும். ஜேர்மனியில் ட்றெஸ்டன் ஆய்வாளர்கள் 2014இல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். பப்பாசியின் நீர் கடத்தும் காழ்ப்பகுதியில் இலிக்னின் ஏறிய நார் ஏறக்குறைய இல்லை. பெரும்பகுதி நீர் நிறைந்த புடைக்கலம். பலத்தைக் கொடுப்பது பட்டையில், உணவு கடத்தும் உரியத்துக்குள் பல அடுக்காகப் பின்னிய நார்வலை. உள்ளே புடைக்கலங்கள் வீக்க அமுக்கத்தால் வெளிநோக்கித் தள்ள, வலை சுற்றி நின்று இறுக்கிப் பிடிக்கிறது. வல்லாரையின் உபாயமும் கித்துளின் உபாயமும் ஒரே தண்டில் கூடியிருக்கின்றன. வித்திலையை எண்ணினால் பப்பாசி பலாவின் கூட்டம். பலம் எங்கே என்று கேட்டால் அது தென்னையின் பக்கம் வந்து நிற்கும். மரபியலின் அளவுகோலை எடுத்தால் புறக்காழ். ரேயின் பகுப்பு பப்பாசியின் பரம்பரையைச் சொல்லும். அது எப்படி நிற்கிறது என்பதற்குப் பழைய அளவுகோலே இன்னும் சரியாக விடை தருகிறது. சோதிக்க விரும்புபவர்கள், காற்றில் விழுந்த பப்பாசித் தண்டில் ஒரு துண்டை மழை படும் இடத்தில் அழுக விடலாம். சதை கரைந்து போனதும் படை படையாக உரியும் அந்த வலையை, எந்தக் கருவியும் இல்லாமல், கையால் விரித்துப் பார்க்கலாம்.